மரத்தை அளந்தால் மரத்தைக் காக்கலாம்



தைப்பூசத்தன்று ஜார்ஜ்டவுனிலிருந்து தண்ணீர்மலைக்கு நடந்து செல்லும் பக்தர்கள், வழியில் உள்ள பெரிய மரங்களின் நிழலில்தான் இளைப்பாறுகிறார்கள். தூங்குமூஞ்சி, நாகலிங்கம், அரசு, வேம்பு என்று அந்த மரங்களுக்குப் பெயரும் சொல்லிவிடுகிறார்கள். ஆனால், அதே தண்ணீர்மலைக்குப் பின்னால் எழுந்து நிற்கும் பினாங்கு மலைக் காட்டைக் காட்டிக் கேட்டால், "ஏதோ காட்டு மரம்" என்ற பதில்தான் வருகிறது. தூங்குமூஞ்சியும் நாகலிங்கமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. விருந்தாளியின் பெயர் தெரிகிறது, வீட்டுக்காரரின் பெயர் தெரியவில்லை!

பெயர் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். பெயரும் அளவும் இல்லாத மரம் ஒரு நாள் காணாமல் போனால், அங்கே என்ன இருந்தது என்று சொல்லக்கூட ஆளிருக்காது. பெரிய மரங்களை அளப்பதும் அடையாளம் காண்பதும் அதனால்தான் முக்கியமாகிறது.

சட்டமும் மரத்தின் அளவைத்தான் கேட்கிறது. மலேசியாவின் 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில் மரப் பாதுகாப்புக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அடிமரத்தின் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் இருந்தால், உள்ளூர்த் திட்டமிடல் அதிகார அமைப்பின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அந்த மரத்தை வெட்டக்கூடாது. பட்டுப்போன மரம், உடனடி ஆபத்தை உண்டாக்கும் மரம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. 80 சென்டிமீட்டர் சுற்றளவு என்றால் குறுக்களவு சுமார் 25 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம். வீதியில் நிற்கும் எத்தனையோ மரங்கள் இந்த அளவைத் தாண்டியவை. ஆனால், அளந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தையல்காரரின் டேப் போதும். மரம் பெரிதாக இருந்தால் ஒரு கயிற்றைச் சுற்றி, பிறகு அந்தக் கயிற்றை அளந்துகொள்ளலாம். சட்டத்தின்படி தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். வனத்துறையினரும் ஆய்வாளர்களும் பொதுவாக 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது நெஞ்சளவில் அளக்கிறார்கள். பலகை வேர்கள் விரிந்த மரம் என்றால் அந்த வேர்களுக்கு மேலே அளப்பதுதான் முறை. வேரையும் சேர்த்துச் சுற்றினால் இளைத்த மரமும் பருத்ததாகக் கணக்கு வரும்!

உயரத்துக்கும் ஓர் எளிய வழி உண்டு. கண்ணிலிருந்து நீட்டிய கைவரை உள்ள நீளத்துக்கு ஒரு குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செங்குத்தாகப் பிடித்தபடி பின்னால் நடந்து செல்லுங்கள். குச்சியின் அடி மரத்தின் அடியோடும், நுனி மரத்தின் உச்சியோடும் பொருந்தும் இடத்தில் நின்றுவிடுங்கள். அங்கிருந்து மரம் வரை உள்ள தூரமே மரத்தின் உயரம். பள்ளிப் பிள்ளைகள்கூடத் திடலில் செய்து பார்க்கலாம்.

ஆனால், இது சமதரைக்குத்தான் சரிப்படும். மலைச் சரிவில், ஒன்றோடொன்று பின்னிய காட்டில், உச்சியே கண்ணுக்குத் தெரியாது. சபா மாநிலத்தின் டானும் பள்ளத்தாக்கில் ஒரு மஞ்சள் மெராந்தி மரத்தை 2018இல் ஆய்வாளர்கள் விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சிக் கண்டுபிடித்தார்கள். அதோடு அவர்கள் திருப்தியடையவில்லை. 2019 ஜனவரியில் உண்டிங் ஜாமி என்ற உள்ளூர் மரமேறி உச்சி வரை ஏறி அளவு நாடாவை இறக்கினார். உயரம் 100.8 மீட்டர்! வெப்பமண்டலக் காடுகளில் அளக்கப்பட்டவற்றில் மிக உயரமான மரம் இதுதான். 'மெனாரா', அதாவது கோபுரம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். லேசர் வந்த பிறகும் கடைசி வார்த்தையைச் சொன்னது நாடாதான்.

சரி, காட்டு மரத்தை அடையாளம் காண்பது எப்படி? இலை உயரத்தில் இருப்பதால் தரையைப் பார்க்க வேண்டும். உதிர்ந்த இலை, பட்டையின் வெடிப்பு, கசிந்து உறைந்த பிசின், விழுந்து கிடக்கும் காய் எல்லாமே சாட்சிகள். மெராந்தி இனத்துக் காய்களில் மூன்று நீண்ட இறகுகளும் இரண்டு குட்டை இறகுகளும் இருக்கும். காற்றில் பம்பரம்போல் சுழன்று இறங்கும்.

பினாங்கு மலையின் முகடுகளில் வளரும் செராயா மரமும் இந்த இனம்தான். சாம்பல் பூத்த அதன் தலையைத் தொலைவிலிருந்தே இனம் காணலாம். அதன் அறிவியல் பெயரில் சார்லஸ் கர்ட்டிஸின் பெயர் இருக்கிறது. 1884இல் தொடங்கிய பினாங்கு தாவரவியல் பூங்காவை உருவாக்கியவர் அவர். தினமும் கண்ணில் படும் மலையில் இப்படியொரு வரலாறு நிற்கிறது.

2017 அக்டோபரில் ஆய்வாளர்கள் பலர் பினாங்கு மலையில் கூடி, கயிறு கட்டி மர உச்சிகளுக்கே ஏறி உயிரினங்களைக் கணக்கெடுத்தார்கள். 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ பினாங்கு மலையையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து 12,481 ஹெக்டரை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. கணக்கெடுப்பு வெறும் ஏட்டுப் படிப்பல்ல என்பதற்கு இது சான்று.

பெரிய மரத்தால் ஆபத்தும் உண்டு, மறுப்பதற்கில்லை. 2024 மே 7ஆம் தேதி கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் ஒரு பெரிய மரம் சாய்ந்து ஒருவர் உயிரிழந்தார். பல வாகனங்கள் நசுங்கின. இதுபோல் நடந்ததும் "எல்லாப் பெரிய மரங்களையும் வெட்டுங்கள்" என்ற குரல் எழுவது இயல்பு. ஆனால், நோயாளிக்குப் பதிவேடு இருந்தால்தானே மருத்துவர் சிகிச்சை தர முடியும்? எந்த மரம், என்ன இனம், எவ்வளவு பருமன், சென்ற ஆண்டைவிட எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற குறிப்பு இருந்தால், வெட்ட வேண்டியதை மட்டும் வெட்டலாம். மற்றவற்றைக் காப்பாற்றலாம். குறிப்பு இல்லாத இடத்தில் பயம்தான் கோடரியைத் தூக்குகிறது.

ஆகவே, நேயர்களே, வீட்டு வாசலிலோ பள்ளி வளாகத்திலோ கோயிலருகிலோ நிற்கும் ஒரு பெரிய மரத்தைத் தேர்ந்தெடுங்கள். பெயர், சுற்றளவு, அளந்த தேதி மூன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். படமும் எடுங்கள். அடுத்த ஆண்டு அதே நாளில், அதே உயரத்தில் மீண்டும் அளந்து பாருங்கள். மரம் சாய்வதாகத் தெரிந்தாலும், யாராவது அனுமதியின்றி வெட்ட வந்தாலும், பினாங்கு மாநகர் கழகத்திடம் வெறும் கையோடு போக வேண்டியதில்லை. அந்த நோட்டுப் புத்தகம் கையில் இருக்கும்.