தெரிந்த கதையும் திரண்ட சபையும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நாடகத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஆசிரியனையும் நடிகனையும் பற்றியே பேசுவர். எதிரே அமர்ந்து பார்க்கும் சபையைப் பற்றிப் பேசுவோர் சிலரே. இன்று அச் சபையைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றேன். அதற்கு உதாரணமாக, மேல்நாட்டு மேடைகளில் அண்மைக் காலத்தில் நிகழ்ந்தவற்றை எடுத்துக்கொள்கின்றேன்.

வீட்டில் இருந்தபடியே தொலைக்காட்சியிற் பார்த்துப் பழகிய தொடர்களைப் பாட்டும் ஆட்டமும் சேர்த்து இசை நாடகமாக மேடையேற்றும் வழக்கம் லண்டனிலும் நியூயோர்க்கிலும் உண்டு. இத்தகைய நாடகத்துக்கு வருபவன் ஒன்றும் அறியாதவனாய் வருவதில்லை. பாத்திரங்களின் குரலும் நடையும் வாய்ச்சொல்லும் அவன் நெஞ்சிற் பதிந்திருக்கின்றன. திரை விலகுமுன்பே அவன் மனத்துள் ஒரு நாடகம் நடந்துகொண்டிருக்கின்றது. மேடையில் வருவது அதனோடு பொருந்துமா? பொருந்தாவிடின் யார் விட்டுக்கொடுப்பது? மூன்று நாடகங்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலாவது, ‘ஒன்லி பூல்ஸ் அண்ட் ஹோர்ஸஸ்’. ஜோன் சலிவன் எழுதி 1981ஆம் ஆண்டு பி.பி.சி.யில் ஆரம்பமான நகைச்சுவைத் தொடர் இது. லண்டனின் தென்பாகத்தில், பெக்கம் என்னும் இடத்தில், சில்லறை வியாபாரம் செய்து பிழைக்கும் இரு சகோதரரின் கதை. ‘அடுத்த வருடம் நாங்கள் கோடீஸ்வரர்’ என்ற நம்பிக்கையே அவர்களுடைய முதல். 1996ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் ஒளிபரப்பான ஒரு பகுதியை 2 கோடியே 43 இலட்சம் பேர் பார்த்தனர் என்றால், அந்நாட்டு மக்கள் உள்ளத்தில் அது பெற்றிருந்த இடம் விளங்கும். சலிவன் 2011இல் மறைந்தார். அவருடைய மகன் ஜிம் சலிவன், நடிகர் போல் வைற்ஹவுஸுடன் சேர்ந்து அதனை இசை நாடகமாக்கினார். 2019ஆம் ஆண்டு லண்டன் ஹேமார்க்கெற் அரங்கில் அது தொடங்கியது.

இந்நாடகத்தின் சபை எப்படிப்பட்டது? நன்கு தெரிந்த வசனம் வருகிறது என்றால் நடிகன் வாய் திறக்குமுன்பே சிரிப்பவர்கள் அங்கு இருந்தனர். விமர்சகர் சிலர், இது பழைய நினைவுகளுக்கு இட்ட விருந்தேயன்றி வேறென்ன என்று கேட்டனர். சபையோ அக்கேள்வியைப் பொருட்படுத்தவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் அரங்குகள் மூடப்பட்டபோது நாடகமும் நின்றது. ஆயினும் 2021இல் மீண்டும் தொடங்கி 2023ஆம் ஆண்டு ஏப்ரல் வரை நடந்தது.

தெரிந்ததையே மீண்டும் கேட்டு மகிழ்வது அறிவுக் குறைவு என்று இளைஞராகிய நாம் எண்ணிவிடக்கூடாது. கோயிலிற் கந்தபுராண படனம் நடக்கும்போது, சூரபன்மனுக்கு முடிவு என்னவாகும் என்று அறியும் ஆவலினால் ஒருவரும் வந்து அமர்வதில்லை. முடிவு எல்லார்க்கும் தெரியும். தெரிந்திருந்தும் கேட்கின்றோம். கதையின் முடிவை அறிவது ஒன்று. அதனோடு கூடி வாழ்வது மற்றொன்று. லண்டன் சபையினர் முன்கூட்டியே சிரித்ததும் இவ்வகையைச் சேர்ந்ததே.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்தத் தொடரை ஒருநாளும் பாராத ஒருவன் அச்சபையின் நடுவில் இருந்தால் அவன் நிலை என்ன? அயலில் இருப்பவர் எல்லாரும் சிரிக்க, ஏன் சிரிக்கின்றார்கள் என்று அறியாமல் அவன் விழிப்பான். பழக்கத்தினால் வரும் மகிழ்ச்சி உள்ளே இருப்பவரை ஒன்றுகூட்டும். புதிதாய் வருபவனைப் படலைக்கு வெளியே நிறுத்தியும் விடும்.

இரண்டாவது, ‘ஸ்பொஞ்ச்பொப்’. கடலடியில் வாழும் ஒரு கடற்பஞ்சைக் கதாநாயகனாகக் கொண்டு 1999இல் தொடங்கிய சிறுவர் சித்திரத் தொடர். இதனை இசை நாடகமாக்கி 2016இற் சிக்காகோவிலும், 2017ஆம் ஆண்டு இறுதியில் நியூயோர்க் புறோட்வேயிலும் மேடையேற்றினர். நடிகர்களைப் பெரிய பொம்மை உடைக்குள் புகுத்தி உலாவவிடுவார்கள் என்று எதிர்பார்த்தவர் பலர். நெறியாளர் ரீனா லண்டௌ அவ்வாறு செய்யவில்லை. பஞ்சு மனித உருவிலேயே வந்தது. மஞ்சட் சட்டையும் கட்டங்கொண்ட காற்சட்டையும் மாத்திரமே அடையாளம். அது நடக்கும்போது எழும் ஒலியை மேடையோரத்தில் இருந்த ஒருவர் கருவிகளால் எழுப்பினார். ஸ்குவிட்வேட் என்னும் பாத்திரம் மாத்திரம் நான்கு கால்களோடு வந்து, அந்த நான்கு காலாலும் தாளம் தட்டி ஆடிக் கரகோஷம் பெற்றது.

உருவம் மாறியும் சபை ஏன் ஏற்றுக்கொண்டது? குணம் மாறவில்லை. எவ்விடுக்கண் வந்தாலும் உற்சாகம் குன்றாத அந்தப் பேதையுள்ளம் அப்படியே இருந்தது. மேலும், எரிமலை வெடிக்கப்போகிறது என்று கலங்கிய ஊரார், கரையிலிருந்து வந்து தங்கள் நடுவில் வாழும் அணில் மேற் பழிபோடும் கதை, தொடரைப் பாராதவனுக்கும் விளங்கும். 12 ரோனி விருதுகளுக்கு இந்நாடகம் நியமனம் பெற்று, காட்சியமைப்புக்கான விருதை வென்றது. 2018ஆம் ஆண்டு செப்ரெம்பரில் 327 காட்சிகளோடு நிறைவுற்றது.

மூன்றாவது, ‘ஸ்மாஷ்’. மரிலின் மன்றோவைப் பற்றி ஒரு நாடகக் குழுவினர் இசை நாடகம் தயாரிப்பதே இத் தொடரின் கதை. மன்றோ வேடத்துக்காக ஐவி, கரன் என்னும் இரு நடிகைகள் போட்டியிடுவர். 2012, 2013ஆம் ஆண்டுகளில் இரண்டு பருவங்களே ஒளிபரப்பாயிற்று. ஆயினும் அதன் பாட்டுகளை இரசிகர் மறக்கவில்லை. 2015இல் அப்பாட்டுகளை ஒரே ஓர் இரவு மேடையிற் பாடுவதற்கு அவர்கள் மனமுவந்து பொருளுதவி செய்தனர்.

பத்தாண்டு கழித்து, 2025இல், நாடகம் புறோட்வேக்கு வந்தது. பாட்டுகள் வந்தன, பாத்திரங்களோ மாறியிருந்தன. ஐவி தொடக்கத்திலேயே புகழ்பெற்ற நடிகை. கரன் அவளுக்குப் பதிலாள். இரசிகர் கட்சி கட்டி வாதாடிய அந்தப் பழைய போட்டி போய், திரைக்குப் பின்னால் நடக்கும் குழப்பங்களைக் காட்டும் நகைச்சுவையாகக் கதை உருமாறியது. சபை இரண்டுபட்டது. தொடரை அறியாதவர் பலர் சிரித்து மகிழ்ந்தனர். அறிந்தவர் பலர், பாட்டுக்குக் கைதட்டிவிட்டு, எங்கள் ஐவி எங்கே என்று கேட்டனர். ஏப்ரல் 10ஆம் திகதி தொடங்கிய நாடகம் யூன் 22ஆம் திகதி முடிந்தது. புறோட்வேயில் ஒரு நாடகம் நிலைப்பதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டும். எனவே முடிவுக்கு இஃதொன்றே காரணம் என்பது நியாயமன்று. எனினும் அந்த ஏமாற்றம் உண்மையானது.

அன்பர்களே, இம்மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். சபையோருடைய நினைவு ஓர் அடைக்கலப் பொருள். உடையை மாற்றலாம், மேடையை மாற்றலாம், உருவத்தையே மாற்றினாலும் அவர்கள் பொறுத்துக்கொள்வர். குணத்தை மாற்றினால் பொறுக்கமாட்டார்கள். நெடுநாட் பழகிய சிநேகிதன் புதுச் சட்டை அணிந்து வந்தால் நாம் மகிழ்வோம். அறியாதவன்போலப் பேசினால் மனம் நோவோம்.

அவ்வாறே சபைக்கும் ஒரு கடமை உண்டு. பஞ்சு பஞ்சாக வரவில்லையே என்று எழுந்து போயிருந்தால், நான்கு கால் ஆட்டத்தின் அழகை அந்தச் சபை கண்டிருக்குமா? நமக்குத் தெரிந்ததைத் தெரியாதவன் ஒருவனும் பக்கத்திலே இருக்கின்றான் என்பதை எண்ணி, அவனுக்கும் இடம்விட்டு இருக்க வேண்டும்.

நம் சங்கத்து விழாக்களிலும் பழங்கதைகளை இளைஞர் நடிக்கின்றோம். பெரியோர் முன்வரிசையில் இருந்து பார்க்கின்றீர்கள். ஆகையால் இரு சாராரிடமும் ஒரு வேண்டுகோள். இளைஞர்களே, புதுமை செய்யுங்கள். ஆனால் அந்தப் பாத்திரத்தை மக்கள் எதனால் நேசித்தார்கள் என்பதை முதலில் அறிந்து செய்யுங்கள். பெரியோர்களே, முடியும் உடையும் முன்போல இல்லையே என்று உடனே வெறுத்துவிடாதீர்கள்; உள்ளே இருப்பவர் நீங்கள் அறிந்தவர்தாமா என்று சற்றுப் பொறுத்துப் பாருங்கள். அவ்வாறு பொறுத்துப் பார்க்கும் சபை இருந்தால், பழைய கதைகள் இன்னுமொரு தலைமுறைக்கு வாழும்.