ஓட்டை மட்டும் டைப்-சி: கைரேடியோ ஏன் சார்ஜ் ஏற மாட்டேங்குது?

போன எபிசோட்ல மீடியம் வேவ், ஏர் பேண்ட், ஸ்கேன் பட்டன்னு பேசினதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான். "ரேடியோ நல்லா இருக்கு, ஆனா சார்ஜ் ஏற மாட்டேங்குது." திருமங்கலத்துல இருந்து ஒருத்தர், மேலூர்ல இருந்து ஒருத்தர், நம்ம கே.கே. நகர்லயே மூணு பேர். அதனால இந்த எபிசோட் முழுக்க கைரேடியோவோட யூஎஸ்பி சார்ஜிங் பத்தி மட்டும்தான்.

போன்லயே எல்லாம் கேட்கலாமே, இதுக்கு ஒரு எபிசோடான்னு தோணலாம். 2023 டிசம்பரை நினைச்சுப் பாருங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் கரண்ட் இல்ல, பல ஊர்ல டவரும் இல்ல. செந்தூர் எக்ஸ்பிரஸ்ல வந்த சுமார் 800 பேர் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல மாட்டிக்கிட்டாங்க. அந்த மாதிரி நாள்ல டவரை நம்பாம வெளியுலகச் செய்தி வர்ற வழி ரேடியோ. அன்னைக்குன்னு பார்த்து அது பீரோவுக்குள்ள செத்துக் கிடந்தா வாங்கி வச்சதுக்கு அர்த்தமே இல்ல. நமக்கு வேண்டியது ஒண்ணுதான்: தேவைப்படுற நேரத்துல அது ஆன் ஆகணும்.

சுவத்துல இருந்து தொடங்குங்க

சாஃப்ட்வேர்ல பக் தேடுற அதே முறைதான் இதுக்கும். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. பிளக் பாயிண்ட், அடாப்டர், கேபிள், ரேடியோவோட ஓட்டை, கடைசியா பேட்டரி. இந்த வரிசையில போங்க. முதல்லயே பேட்டரியைக் குத்தம் சொல்லி புதுசு வாங்குறவங்கதான் அதிகம். பல தடவை பேட்டரி மேல தப்பே இருக்காது.

சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி மீட்டர்னு ஒரு சின்னக் கருவி கிடைக்கும். டவுன்ஹால் ரோடு பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல கேட்டுப் பாருங்க. அடாப்டருக்கும் கேபிளுக்கும் நடுவுல சொருகினா எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் போகுதுன்னு காட்டும். அது கையில இருந்தா பாதி கேள்விக்குப் பதில் கிடைச்சிடும்.

டைப்-சி டு டைப்-சி போட்டா ஏன் செத்த மாதிரி இருக்கு?

வந்த கேள்விகள்ல இதுதான் முதலிடம். "போனோட 65 வாட் சார்ஜர்ல போட்டா லைட்கூட எரியல. பழைய சார்ஜர்ல போட்டா ஏறுது." பழைய சார்ஜர்ல ஏறுதுன்னா ரேடியோ கெட்டுப் போகல. விஷயம் இதுதான்.

பழைய சதுர ஓட்டை, அதாவது டைப்-ஏ, எப்பவுமே 5 வோல்ட்டை வெளிய விட்டுக்கிட்டே இருக்கும். யார் சொருகினாலும் கொடுக்கும். டைப்-சி அப்படி இல்ல. எதிர்ப்பக்கம் "நான் கரண்ட் வாங்குற கருவி"ன்னு அடையாளம் காட்டினாத்தான் கதவைத் திறக்கும். அந்த அடையாளம் என்னன்னா, சிசி-ன்னு சொல்ற ரெண்டு பின்லயும் ஆளுக்கொரு 5.1 கிலோஓம் ரெசிஸ்டர். ரெண்டும் சேர்த்து சில பைசாதான் ஆகும். விலை குறைஞ்ச ரேடியோக்கள்ல பழைய மைக்ரோ யூஎஸ்பி சர்க்யூட்டை அப்படியே வச்சுக்கிட்டு ஓட்டையை மட்டும் டைப்-சியா மாத்திடுறாங்க. ரெசிஸ்டர் இல்ல. சார்ஜர் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அடையாளம் வராது, அதனால கரண்டும் வராது.

சோதிக்கிறது ஈஸி. டைப்-ஏ டு டைப்-சி கேபிள் போடுங்க. ஏறிச்சுன்னா முடிஞ்சது, அந்தக் கேபிளை ரேடியோ கூடவே ரப்பர் பேண்ட் போட்டு வச்சிடுங்க. இன்னொரு சோதனையும் இருக்கு. சி டு சி கேபிளையே திருப்பிச் சொருகிப் பாருங்க. ஒரு பக்கமா போட்டா மட்டும் ஏறுதுன்னா, ஒரு ரெசிஸ்டர் மட்டும் இருக்கலாம், இல்ல ஒரு பின்ல சால்டர் விட்டிருக்கலாம்.

இது மலிவு கம்பெனிகளுக்கு மட்டும் வர்ற வியாதின்னு நினைக்காதீங்க. 2019-ல வந்த ராஸ்பெர்ரி பை 4-ல ரெண்டு பின்னுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டரைப் போட்டிருந்தாங்க. சில உயர்தர கேபிளோட சேர்த்தா சார்ஜர் அதை ஆடியோ அடாப்டர்னு நினைச்சுக்கிட்டு கரண்ட் கொடுக்கல. அப்புறம் வந்த போர்டுல சரி பண்ணாங்க.

கூடவே ஒரு பயத்தையும் தீர்த்துடுவோம். 65 வாட் சார்ஜர் போட்டா ரேடியோ எரிஞ்சிடுமா? ஆகாது. ஒழுங்கான சார்ஜர் 5 வோல்ட்லதான் தொடங்கும். எதிர்ல இருக்கிற கருவி கேட்டாத்தான் 9, 15, 20-ன்னு ஏறும். நம்ம ரேடியோவுக்குக் கேட்கவே தெரியாது. ஆனா உருண்டை பின் அடாப்டர் வேற ஜாதி. பாவ்ஃபெங் யூவி-5ஆர் மாதிரி செட்டோட சார்ஜிங் தொட்டிக்கு 10 வோல்ட் வேணும். அதுக்காக யூஎஸ்பி 5 வோல்ட்டை 10 ஆக்குற கேபிள்களும் விக்கிறாங்க. அதே உருண்டை பின் 5 வோல்ட் ரேடியோவுலயும் நல்லாவே பொருந்தும். பொருந்துதேன்னு சொருகினீங்கன்னா புகைதான்.

கேபிள் குடிக்கிற வோல்ட்

மெல்லிசு ஒயர் கேபிள் ஒண்ணு, 28 கேஜ், 2 மீட்டர் நீளம்னு வைங்க. மீட்டருக்கு சுமார் 0.21 ஓம். போக 2, வர 2, மொத்தம் 4 மீட்டர், அதாவது 0.85 ஓம் கிட்ட. 1 ஆம்பியர் இழுத்தா 0.85 வோல்ட் ஒயருக்குள்ளயே போயிடும். சுவத்துல 5 வோல்ட், ரேடியோ வாசல்ல 4.15. லித்தியம் செல் முழுசா நிறைய 4.2 வேணும். அப்புறம் எப்படி நிறையும்? "90 சதவீதத்துக்கு மேல போகவே மாட்டேங்குது", "ராத்திரி முழுக்கப் போட்டும் பச்சை லைட் வரல"ன்னு சொல்றவங்க முதல்ல அரை மீட்டர், நல்ல தடிமனான கேபிளுக்கு மாறிப் பாருங்க.

ஓட்டைக்குள்ள தூசியும் பஞ்சும் அடைஞ்சிருக்கும், அதையும் பாருங்க. ரேடியோவை ஆஃப் பண்ணிட்டு, பேட்டரியைக் கழட்ட முடிஞ்சா கழட்டிட்டு, பல்குத்துற மரக்குச்சியால மெதுவா எடுங்க. ஊசி, சேஃப்டி பின் வேண்டவே வேண்டாம்.

பவர் பேங்க் ஏன் நடுவுல நிக்குது?

பல பவர் பேங்க், 50-லிருந்து 100 மில்லிஆம்பியருக்குக் கீழ இழுத்தா "யாரும் இல்ல போல"ன்னு தானா தூங்கிடும். சின்ன ரேடியோ கடைசிக் கட்டத்துல அவ்வளவு கம்மியாத்தான் இழுக்கும். லோ கரண்ட் மோட் இருந்தா அதைப் போடுங்க. சில மாடல்ல பட்டனை ரெண்டு தடவை அழுத்தணும்.

கணக்கும் தெரிஞ்சுக்கோங்க. 7.4 வோல்ட், 1800 மில்லிஆம்பியர் பேட்டரின்னா 13.3 வாட்-ஹவர். 5 வோல்ட்ல அரை ஆம்பியர்னா 2.5 வாட். வீணாகுறதையும் சேர்த்தா 6 மணி நேரத்துக்கு மேல ஆகும். ஒரு மணி நேரம் போட்டுட்டு "ஏறவே இல்ல"ன்னு முடிவு பண்ணாதீங்க. 10,000 மில்லிஆம்பியர் பவர் பேங்க்ல இந்த பேட்டரியை சுமார் ரெண்டு தடவை நிரப்பலாம்.

நம்ம ஊர் வெயில்

லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல சார்ஜ் பண்ணக் கூடாது. நல்ல சர்க்யூட்ல அந்தச் சூட்டைப் பார்த்து நிறுத்துற சென்சார் இருக்கும். சித்திரை, வைகாசியில மொட்டை மாடியிலயோ கார் டேஷ்போர்டுலயோ வச்சு சார்ஜ் போட்டா அது நிக்கிறது கோளாறு இல்ல, பாதுகாப்பு. நிழலுக்குக் கொண்டு வந்து அரை மணி ஆறவிட்டு மறுபடி போடுங்க. சென்சார் இல்லாத மலிவு செட் நிக்காது. அதுதான் ஆபத்து.

மாசக்கணக்கா தூங்கின பேட்டரி

பல ரேடியோவுல ஆஃப் பட்டன் முழுசா ஆஃப் பண்ணாது. கடிகாரம் ஓடும், துளித்துளியா கரண்ட் கசியும். ஒரு கட்டத்துல பேட்டரியோட பாதுகாப்பு சர்க்யூட் கதவைச் சாத்திடும். அப்ப சார்ஜ் போட்டா உடனே எதுவும் தெரியாது. 3 வோல்ட் பக்கம் வர்ற வரைக்கும் சார்ஜர் சிப் பத்துல ஒரு பங்கு கரண்ட்தான் கொடுக்கும். ஒரு மணி நேரம் பக்கத்துல இருந்து பாருங்க, தொட்டுப் பாருங்க. சூடேறினா கழட்டிடுங்க. உப்பியிருந்தா சார்ஜே போடாதீங்க, குத்தாதீங்க, குப்பையில போடாதீங்க. 2022 பேட்டரி கழிவு விதிப்படி தயாரிப்பாளர்களுக்குத் திரும்ப வாங்குற பொறுப்பு இருக்கு. இ-வேஸ்ட் சேகரிக்கிற இடத்துல கொடுங்க.

சார்ஜ் போட்டா இரைச்சல்

ரேடியோ கெட்டுப் போகல, சார்ஜர்தான் கத்துது. அதுக்குள்ள இருக்கிற ஸ்விட்சிங் சர்க்யூட் மீடியம் வேவ் முழுக்க அலையை இறைக்கும். மதுரை வானொலியை 1269 கிலோஹெர்ட்ஸ்ல வச்சுக்கிட்டு சார்ஜரைக் கழட்டுங்க. இரைச்சல் நின்னா குற்றவாளி யாருன்னு தெரிஞ்சிடுச்சு. கோடை பண்பலை 100.5-ல இவ்வளவு தெரியாது, எஃப்எம் இந்த மாதிரி இரைச்சலை நல்லாத் தாங்கும். கேட்கிறப்ப பேட்டரி, கேட்காதப்ப சார்ஜ். அதுதான் நல்ல பழக்கம்.

வாங்கப் போறவங்களுக்கு

கேட்க மட்டும் செய்யுற ரேடியோ வேற, பேசவும் செய்யுற வாக்கி-டாக்கி வேற. இந்தியாவுல லைசென்ஸ் இல்லாம வாக்கி-டாக்கியில பேச 446.0-லிருந்து 446.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் இடம் இருக்கு, அதுவும் அங்கீகாரம் வாங்கின செட்டுக்கு. மத்த பெரும்பாலானதுக்கு லைசென்ஸ் வேணும். 2025 மே மாசம், முறையில்லாம வாக்கி-டாக்கி வித்ததுக்காக நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பினது இதனாலதான். ஆஃபர் பார்த்து அமுக்கிடாதீங்க.

கடைசியா ஒரு வேலை. ரேடியோவை 50 சதவீதம் பக்கம் சார்ஜ்ல எடுத்து வைங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை போட்டுப் பாருங்க. ஐப்பசி பிறந்ததும் முழுசா ஏத்திடுங்க. உங்க ஏரியாவுல அடுத்த மாதாந்திர மின்தடை வர்றப்ப போனை ஓரமா வச்சிட்டு, காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ரேடியோ எத்தனை மணி நேரம் தாங்குதுன்னு எழுதி அனுப்புங்க. மாடல் பேரும் எந்தக் கேபிள்னும் சேர்த்து எழுதுங்க, அடுத்த எபிசோட்ல எல்லாத்தையும் வரிசைப்படுத்திப் பார்ப்போம்.