'குட்' மட்டும் போதுமா?

(தோட்டப் பெற்றோர், மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஓ.எல். பரீட்சையில் நம்ம பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் 'குட்' என்றே எழுதுகிறார்கள். அதற்காக ஒத்த சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்தாலும் ஆபத்துதான். பழந்தமிழில் நாற்றம் என்றாலும் மணந்தான். இன்றைக்குத் தேத்தண்ணியில் 'நல்ல நாத்தம்' என்றால் விடுவோமா?

நாம் பறிக்கும் கொழுந்தையே பாருங்கள். கொழும்பில் 1883 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. அதற்காக ருசி பார்ப்பவருக்கு 'குட்' போதாது. சாயம் பளிச்சென்று இருந்தால் 'பிரைட்', மங்கினால் 'டல்'. நாக்கில் சுறுக்கென்று பட்டால் 'பிரிஸ்க்', அந்த உயிர் இல்லாவிட்டால் 'பிளாட்'. அகராதியில் பிரைட், பிரிஸ்க் இரண்டுக்கும் 'லைவ்லி' என்றே போட்டிருக்கலாம். கோப்பையிலோ ஒன்று கண்ணுக்கு, மற்றது நாக்குக்கு.

ஆகவே பிள்ளைகளே, ஒரு சொல்லைப் படித்தால் அதன் எதிர்ச்சொல்லையும், அது எந்தப் பொருளோடு சேரும் என்பதையும் பாருங்கள். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுங்கள். நாளைக்கு இரண்டு சொல் போதும்.

அம்மா பறித்த கொழுந்துக்கு விலை போடும் சொற்கள் பிள்ளைக்குப் புரியாமல் இருக்கக் கூடாது.