நின்றபடி பேசும் பதினைந்து நிமிடம்

கணினிக்கு மென்பொருள் ஆக்கும் குழுவினர் நாள்தோறும் காலையிலே சிறு கூட்டம் ஒன்று கூடுவர். நாற்காலி கிடையாது, நின்றபடியே பேசுவர். கால் வலிக்குமுன் பேச்சு முடியும் என்பது அதன் உட்கருத்து. நிற்க இயலாதவரையும் நிறுத்திவைப்பது அவ்வழக்கின் நோக்கமன்று. கென் ஷ்வேபர், ஜெஃப் சதர்லண்ட் என்னும் அமெரிக்கர் இருவர் வகுத்த ‘ஸ்கிரம்’ முறை, இக்கூட்டத்துக்கு 15 நிமிடத்தை எல்லையாக விதித்தது. அவர்தம் கையேட்டின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு, குழுவிற் பெரும்பாலும் பத்துப் பேருக்கு மேற்படாதிருத்தலே முறை என்கிறது.

குழு பெருகினால் நிகழ்வது யாது? கணக்கிட்டுப் பாருங்கள். ஐந்து பேர் ஆளுக்கு 2 நிமிடம் பேசினாற் கூட்டம் 10 நிமிடம். ஐவர் செலவிட்ட காலம் மொத்தம் 50 நிமிடம். பதினைந்து பேர் அவ்வாறே பேசினால் 30 நிமிடம். மொத்தச் செலவோ 450 நிமிடம், அதாவது ஏழரை மணித்தியாலம். ஆட்கள் மும்மடங்காயினர், செலவு ஒன்பது மடங்காயிற்று. ஒருவருடைய ஒரு நாள் உழைப்பு காலையிலேயே கரைந்துபோகிறது.

இதைக் கண்ட தலைவர் சிலர், கடிகாரத்தைப் பார்த்துப் பேசுவோரை விரைவுபடுத்துவர். நேரம் மிஞ்சும், கூட்டத்தின் பயன் போய்விடும். வேலையில் இடர்ப்பட்டவருக்கு அதைப் பலர் முன்னிலையிற் சொல்ல ஏற்கெனவே கூச்சம் உண்டு. அரை நிமிடத்தில் முடியுங்கள் என்றால், எல்லாம் ஒழுங்காக நடக்கிறதென்று கூறி நழுவிவிடுவார். அவர் மறைத்த இடர், பொருளை ஒப்படைக்கும் நாளிலே தலைகாட்டும்.

ஆதலாற் சுருக்கவேண்டியது அவருடைய பேச்சையன்று. இடரைத் தீர்க்கும் வழிபற்றி இருவர் தர்க்கிக்க, மற்றப் பதின்மூவரும் சுவரைப் பார்த்து நிற்பார்களே, அந்தத் தர்க்கத்தையே சுருக்கவேண்டும். இன்னாருக்கு இன்னாருடைய உதவி வேண்டும் என்று தெரிந்தவுடன் அதை நிறுத்திவிடலாம். ஏனையோர் கலைந்தபின் அவ்விருவரும் ஆறுதலாகப் பேசட்டும். முடிந்த வேலையை விரித்துரைத்தலும் வேண்டா. பலகையில் ஒட்டிய சீட்டு அதைச் சொல்லும்.

இவ்வளவு செய்தும் எல்லை மீறுமாயின், குழுவையே பிரித்தல் வேண்டும். மென்பொருட் பணிபற்றி பிரெடரிக் புரூக்ஸ் 1975இல் வெளியிட்ட நூல் காட்டிய முறைப்படி எண்ணினால், ஐவரிடையே இருவர் இருவராக அமையும் தொடர்புகள் 10. பதினைந்து பேரிடையே 105. மூன்று குழுவாக்கினால் ஒவ்வொன்றிலும் பத்துத்தான். பின்னர் குழுவுக்கு ஒருவராக மூவர் கூடி, மற்றக் குழுக்களைப் பாதிக்கும் செய்திகளை மாத்திரம் பரிமாறலாம். அதற்கும் 10 நிமிடம் ஆகட்டும். மொத்தச் செலவு 180 நிமிடம். பிரித்த பின்னும் ஒரு குழு நாள்தோறும் மற்றதன் வாயிலிலே காத்து நிற்குமாயின், பிரித்த கோடு பிழையானது. அதை வேறிடத்திலே கீறவேண்டும்.