பாதி சேனல் எங்க போச்சு?

இன்னைக்குக் கோடு எழுதறதப் பத்தி இல்ல. எங்க அம்முச்சி வீட்டு டிஷ் பத்தி.

பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துல அம்முச்சி தனியா இருக்காங்க. பொழுது சாஞ்சா பேச்சுத் துணைக்கு டிவிதான். ஒரு நாள் போன் பண்ணி, "கண்ணு, மழை பேஞ்சதுல இருந்து பாதி சேனல் வர்றதில்ல"ன்னாங்க. நான் இன்ஜினியராச்சே! "பாக்ஸ் பழசாயிருச்சு அம்முச்சி, புதுசு வாங்கிக்கலாம்"னு சொல்லிட்டேன். மழைன்னு அவங்க சொன்னது என் காதுல ஏறவே இல்ல.

ஆனா அந்த 'பாதி' மட்டும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. டிஷ் திரும்பியிருந்தா எல்லாமே போகணும். பாதி மட்டும் ஏன் போகுது?

சாட்டிலைட்ல இருந்து வர்ற அலை செங்குத்தாவோ கிடைமட்டமாவோ அதிரும். இதுதான் போலாரிட்டி. ஒரே அலைவரிசையில ரெண்டு கூட்டம் சேனலை இப்படி அனுப்பலாம். டிஷ்ஷுக்கு முன்னால நீட்டிட்டு இருக்குற எல்என்பிக்கு எது வேணும்னு பாக்ஸ் எப்படிச் சொல்லும்? அதே கேபிள்ல அனுப்பற வோல்டேஜ்லதான். 13 வோல்ட்னா செங்குத்து, 18 வோல்ட்னா கிடைமட்டம்.

எல்என்பிக்கு இன்னொரு வேலையும் உண்டு. 11 ஜிகாஹெர்ட்ஸ் சிக்னலை அப்படியே கேபிள்ல விட்டா வழியிலயே செத்துரும். அதனால அதுல 9750 மெகாஹெர்ட்ஸைக் கழிச்சு அனுப்பும். உதாரணத்துக்கு டிடி ஃப்ரீ டிஷ், 93.5 டிகிரி கிழக்குல இருக்குற ஜிசாட்-15ல இருந்து வருது. அதுல 11090, செங்குத்துன்னு ஒரு அலைவரிசை. கேபிள்ல இறங்கறது 1340தான். மேல் பட்டை வேணும்னா பாக்ஸ் 22 கிலோஹெர்ட்ஸ் டோன் ஒண்ணையும் சேர்த்து விடும். அப்ப 10600ஐக் கழிக்கும்.

ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போனேன். பாக்ஸைக் கழட்டி மாமா வீட்டு டிஷ்ல மாட்டினேன். எல்லாச் சேனலும் வந்துச்சு. அப்ப பாக்ஸ் மேல தப்பில்ல. கேபிளைப் புடிச்சுட்டே போனா, கட்டுத்தரைக் கூரை மேல ரெண்டு துண்டை முறுக்கி டேப் சுத்தியிருக்கு. உள்ள மழைத்தண்ணி எறங்கி, பச்சையா களிம்பு. பாக்ஸ் 18 அனுப்புனாலும் அந்த ஒட்டுலயே வோல்டேஜ் குறைஞ்சுருது. எல்என்பி அதை 13ன்னே எடுத்துக்குது. செங்குத்து தப்பிச்சுது, கிடைமட்டம் போச்சு.

ஒட்டு இல்லாத புதுக் கேபிள் இழுத்தேன். டிவியில எல்லாம் வந்ததும் அம்முச்சி சொன்னாங்க, "மழைன்னு அன்னைக்கே சொன்னனே கண்ணு."

இப்பெல்லாம் ஆபீஸ்ல பக் ரிப்போர்ட் வந்தா, முதல் வரிய ரெண்டு தடவை படிக்கறேன். உங்க வீட்லயும் பாதி சேனல் போச்சுன்னா, புது பாக்ஸ் வாங்கறதுக்கு முன்னால பிளக்கைப் புடுங்கிட்டு கேபிள் ஒட்டை ஒருக்காப் பாருங்க. அடுத்த வாரம் பாக்கலாமுங்க.