ஏர்பிரஷ் வாங்கும் முன்... எதில் சிக்கனம், எதில் கூடாது?



ஜோகூர் மாநிலம், குளுவாங் மாவட்டத்தில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர் ரெங்கம். இத்தகைய ஊர்களில் முக ஓவியம் தெரிந்த ஓர் இளைஞருக்கோ யுவதிக்கோ வேலைக்குப் பஞ்சமில்லை. பள்ளி விளையாட்டுப் போட்டி, பிறந்தநாள் விருந்து, தீபாவளிச் சந்தை, ஆகஸ்டு 31 தேசிய தினம் என்று ஆண்டு முழுவதும் வாய்ப்புகள் உண்டு. ஆனால் தூரிகையால் வரைந்தால் ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் ஆகிறது. முப்பது பிள்ளைகள் வரிசையில் நின்றால் கடைசிப் பிள்ளை அழத் தொடங்கிவிடும்.

காற்றின் விசையால் சாயத்தைப் பனிபோல் தெளிக்கும் ஏர்பிரஷ், அச்சுத்தாளை வைத்துத் தெளித்தால் அதே வேலையை ஓரிரு நிமிடங்களில் முடித்துவிடும். 1870-களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆப்னர் பீலர் என்பவர் இதன் முன்னோடியை உருவாக்கினார். நிழற்படங்களைத் திருத்துவதற்குப் பயன்பட்ட அந்தக் கருவி, இன்று மணப்பெண் அலங்காரம் வரை வந்துவிட்டது.

சரி, குறைந்த முதலீட்டில் எதை வாங்குவது? விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். கைக்கருவியில் சிக்கனம் பார்க்கலாம். காற்றழுத்தக் கட்டுப்பாட்டில் சிக்கனம் பார்க்கக் கூடாது. சாயத்தில் அறவே கூடாது.

கைக்கருவி

ஏர்பிரஷ் இரு வகைப்படும். ஒன்றில் விசையை அழுத்தினால் காற்றும் சாயமும் சேர்ந்தே வரும். மற்றொன்றில் அழுத்தினால் காற்று வரும். பின்னோக்கி இழுக்க இழுக்கச் சாயம் கூடும். இந்த இரண்டாவது வகையையே வாங்குங்கள். பழக ஒரு வாரம் பிடிக்கும். ஆனால் மெல்லிய கோடும் பரந்த நிழலும் ஒரே கருவியில் கிடைக்கும்.

சாயக் கிண்ணம் மேலே இருப்பது நல்லது. குறைந்த அழுத்தத்திலேயே சாயம் தானாக இறங்கும். முனைத் துவாரம் 0.3 மில்லிமீட்டர் இருந்தால் முகத்திற்குப் போதும். முதுகு, மார்பு என்று பெரிய பரப்பில் வரைவோருக்கு 0.5 மில்லிமீட்டர் ஏற்றது. 0.2 மில்லிமீட்டர் முனை அடிக்கடி அடைத்துக்கொள்ளும். தொடக்க நிலையில் இருப்போர் அதைத் தவிர்க்கலாம்.

ஜப்பானின் இவாத்தா போன்ற பெயர்பெற்ற நிறுவனங்களின் கருவிகள் பல நூறு வெள்ளி. அதே அமைப்பில் வரும் சாதாரணக் கருவிகள் நூறு வெள்ளிக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. கற்றுக்கொள்ள இவை போதும். ஆனால் மாற்று ஊசியும் மாற்று முனையும் கிடைக்கின்றனவா என்று கேட்ட பிறகே பணம் கொடுங்கள். ஊசி ஒருமுறை தரையில் விழுந்து வளைந்தால் சாயம் நேராக வராது. குழாய் இணைப்பின் மரை, எட்டில் ஓர் அங்குல அளவா என்றும் பாருங்கள். பேட்ஜர், பாஷே போன்ற நிறுவனங்களின் மரை வேறு. அதற்குத் தனி இணைப்பான் வேண்டும்.

கம்ப்ரசர்

பெரும்பாலோர் ஏமாறும் இடம் இதுதான். கையடக்கப் பெட்டியில் மின்கலத்தோடு வரும் சிறு பம்பு மலிவானது. ஒரு முகத்திற்கு அலங்காரம் செய்ய அது போதும். ஆனால் காற்றுத் தொட்டி இல்லாததால் காற்று விட்டுவிட்டு வரும். அழுத்தத்தை விருப்பம்போல் மாற்றவும் பெரும்பாலும் வழியிருக்காது.

முகத்திற்கு 10 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். உடலுக்கு 20 முதல் 30 வரை போகலாம். ஆகவே அழுத்தமானி, அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், மூன்று லிட்டர் தொட்டி ஆகியவற்றோடு வரும் எண்ணெயில்லாக் கம்ப்ரசரே நீண்ட நாள் உழைக்கும்.

நம் நாட்டின் ஈரக் காற்றுக்கு இன்னொன்றும் கட்டாயம் தேவை. காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் நீராகி, குழாய் வழியாக வந்து முகத்தில் துளித் துளியாகத் தெறிக்கும். வரைந்த படம் வழிந்துவிடும். ஈரத்தைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இல்லாத கம்ப்ரசரை வாங்காதீர்கள்.

'கார்ப் பட்டறையில் இருக்கிறதே, அதையே இரவல் வாங்கலாமே' என்று நினைப்பவர்களும் உண்டு. அந்தக் கம்ப்ரசர்களில் அழுத்தம் 100 பிஎஸ்ஐ-யைத் தாண்டும். பலவற்றில் எண்ணெய்த் துகள்களும் காற்றோடு கலந்து வரும். அது பிள்ளைகளின் கண், காது, நுரையீரலோடு விளையாடுவதாகும்.

சாயம்

உடலில் வண்ணம் தீட்டுவது நமக்குப் புதிதல்ல. தமிழகத்தில் புலியாட்டம் உண்டு. கேரளத்தின் திருச்சூரில் ஓணத்தின் நான்காம் நாள் நடக்கும் புலிக்களியில், கலைஞர்கள் உடல் முழுவதும் புலியாக மாறுகிறார்கள். அங்கே வண்ணப்பொடியோடு வார்னிஷ் அல்லது எனாமல் சாயம் கலந்து பூசும் வழக்கம் இருந்து வருகிறது. ஆட்டம் முடிந்தபின் அதை நீக்க மண்ணெண்ணெய் தேய்க்கிறார்கள். வளர்ந்த ஆண்கள் தாமாக விரும்பி ஏற்கும் வேதனை அது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அத்தகைய சோதனை வேண்டாம்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று கைவினைக் கடையில் அக்ரிலிக் சாயம் வாங்குவோர் உண்டு. 'நச்சற்றது' என்று அதன் புட்டியில் எழுதியிருக்கலாம். அது தாளில் தீட்டுவோருக்குச் சொன்னது. தோலில் பூசலாம் என்று பொருளில்லை. தோலுக்கென்றே செய்த சாயத்தை மட்டும் வாங்குங்கள். மலேசியாவில் சட்டப்படி விற்கப்படும் ஒப்பனைப் பொருளுக்கு, என்பிஆர்ஏ எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் அறிவிப்பு எண் இருக்கும். என், ஓ, டி என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கும் அந்த எண்ணை அமைப்பின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம்.

முகச்சாயம் என்ற பெயரில் விற்பனையாவதால் மட்டும் நம்பிவிட முடியாது. 2009-ஆம் ஆண்டு அமெரிக்காவில் முகச்சாயம் பூசிக்கொண்ட பிள்ளைகளுக்குத் தடிப்பும் அரிப்பும் வீக்கமும் ஏற்பட்டன. சோதித்தபோது சாயத்தில் நுண்ணுயிர்கள் கலந்திருந்தது தெரிந்தது. அவை சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டன.

பிள்ளைகளுக்கு நீரில் கரையும் சாயமே ஏற்றது. சோப்புப் போட்டால் போய்விடும். ஆல்கஹால் கலந்த சாயம் வியர்வையைத் தாங்கும். மேடைக் கலைஞர்களுக்கு உதவும். ஆனால் அது எளிதில் தீப்பிடிக்கும். மலிவுக் கருவியின் ரப்பர் வளையங்களையும் கெடுத்துவிடும்.

தெளிக்கும்போது

கையில் 600 வெள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாதியைக் கம்ப்ரசருக்கு ஒதுக்குங்கள். கருவிக்கு நூறு வெள்ளி போதும். மிச்சமுள்ள 200 வெள்ளி சாயம், அச்சுத்தாள், துப்புரவுத் தூரிகை, முகக்கவசம் ஆகியவற்றுக்கு. எல்லா நிறமும் முதல் நாளே தேவையில்லை. வெள்ளை, கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம் இருந்தால் மற்றவற்றைக் கலந்துகொள்ளலாம்.

முதல் நாளே முன்கையின் உட்புறத்தில் சிறிது சாயம் பூசிப் பார்க்கச் சொல்லுங்கள். அரிப்பு வந்தால் வேலையை ஏற்காதீர்கள். கண்ணையும் வாயையும் ஒட்டிய பகுதியில் தெளிக்கவே வேண்டாம். அங்கே தூய்மையான தூரிகையோ பஞ்சோ போதும். காற்றோட்டமுள்ள இடத்தில் உட்காருங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையா என்று பெற்றோரிடம் கேளுங்கள். ஆம் என்றால் தெளிக்க வேண்டாம். ஏர்பிரஷ் தோலைத் தொடுவதில்லை. ஆனால் அச்சுத்தாள் தொடுகிறது. ஒவ்வொரு பிள்ளைக்குப் பிறகும் அதைத் துடைத்துவிட்டே அடுத்த முகத்தில் வையுங்கள்.

சிற்றூரில் விளம்பரம் என்பது பெற்றோரின் வாய்ச்சொல்தான். ஒரு பிள்ளையின் கன்னம் வீங்கினால் மறுநாளே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். பிறகு எவ்வளவு அழகாக வரைந்தாலும் யாரும் கூப்பிடமாட்டார்கள். நல்ல சாயத்திற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பிள்ளைகளைக் காக்கும், தொழிலையும் காக்கும்.