பனி உருகுகிறது, ஊர் கரைகிறது

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

வடதுருவம் என்றதும் பள்ளிப் புத்தகத்தில் பார்த்த படம்தான் நம் நினைவுக்கு வருகிறது. பனிக்கட்டி வீடு, நாய் பூட்டிய சறுக்கு வண்டி, தோலாடை அணிந்த மனிதன். கீழே 'எஸ்கிமோ' என்று எழுதியிருக்கும். அந்த மனிதன் இன்று எப்படி வாழ்கிறான்? அவன் காலடி மண் ஏன் நழுவுகிறது? இதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

அமெரிக்காவைச் சேர்ந்த அலாஸ்காவின் வடமேற்கில், கடலுக்கும் காயலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு. அதன்மேல் கிவாலினா என்ற கிராமம். ஜனத்தொகை சுமார் 400. இன்யூபியாட் என்பது அம்மக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்.

அவர்களுடைய முன்னோர் இந்தத் திட்டில் நிலையாகக் குடியிருந்தவர்கள் அல்ல. வேட்டைக் காலத்தில் வந்து தங்குவார்கள், பருவம் மாறினால் போய்விடுவார்கள். 1905-ல் அமெரிக்க சர்க்கார் அங்கே ஒரு பள்ளிக்கூடம் கட்டியது. பிள்ளைகளை அனுப்பியே தீரவேண்டும் என்று நிர்ப்பந்தித்தது. நடமாடி வாழ்ந்த குடும்பங்கள் மணல் திட்டில் முடங்கின. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர், ஆபத்தைச் சுமப்பவர் வேறொருவர்!

முன்பெல்லாம் இலையுதிர் காலத்திலேயே கடல் உறையத் தொடங்கும். கரையோரம் இறுகிய பனிதான் ஊருக்கு மதில். எவ்வளவு பெரிய புயல் அடித்தாலும் அலை அந்த மதிலைத் தாண்டாது. இப்போது பனி தாமதித்து உறைகிறது. புயல் மாதங்களில் கரை திறந்து கிடக்கிறது. அலை மண்ணை வாரிக்கொண்டு போகிறது. 2006-ல் மணல் மூட்டைகளால் ஒரு சுவர் எழுப்பினார்கள். அந்த ஆண்டே புயல் அதை அரித்தது. 2007-ல் புயலுக்கு அஞ்சி ஊரையே காலி செய்ய நேர்ந்தது.

வயிற்றுப்பாட்டையும் பாருங்கள். வசந்த காலத்தில் பனிமேல் சென்று சீல் என்னும் கடல்விலங்கை வேட்டையாடுவது அவர்கள் ஜீவனம். பனி மெலிந்ததால் வேட்டை நாட்கள் குறைகின்றன, உயிருக்கும் ஆபத்து. எந்தப் பனி தாங்கும், எது உடையும் என்று பெரியவர்கள் கற்றுத் தந்த குறிகள் பொய்க்கின்றன. வடக்கு அலாஸ்காவில் உறைந்த மண்ணைத் தோண்டி இறைச்சியைச் சேமிப்பது வழக்கம். அதுவே அவர்களுடைய குதிர். மண் இளகியதும் பல ஊர்களில் அந்தக் குதிருக்குள் நீர் கசிகிறது, இறைச்சி கெடுகிறது. கடைச் சாமானோ விமானத்திலும் படகிலும் வரவேண்டும். விலை கொள்ளை விலை. அதை வாங்கக் கூலி வேலை வேண்டும்.

வேலை எங்கே? 1989 முதல் ரெட் டாக் என்ற துத்தநாகச் சுரங்கம் இயங்குகிறது. அது வேலை தருகிறது, அந்த வட்டார மக்களின் பொது நிறுவனத்துக்கு வருமானமும் தருகிறது. அதன் கழிவுநீரோ, கிவாலினா மக்கள் குடிக்கும் வூலிக் ஆற்றில்தான் போய்ச் சேருகிறது. கூலியா, குடிதண்ணீரா? இந்தக் கேள்வி ஆலை வாசலில் நிற்கும் நமக்குப் புதிதல்ல.

வெப்பம் ஏன் அங்கே அதிகம்? கடும் வெயிலில் வெள்ளைத் துணியையும் கறுப்புத் துணியையும் தொட்டுப் பாருங்கள். வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. பனி உருகினால் கருங்கடல் வெயிலைக் குடிக்கிறது. மேலும் பனி உருகுகிறது. 1979 முதல் ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப் போல் ஏறக்குறைய 4 மடங்கு வேகத்தில் சூடேறி வருகிறது. இந்தச் சூட்டைத் தொடங்கி வைத்தது நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகை. அதை விற்று லாபம் குவித்தவர்கள் சீல் வேட்டைக்காரர்களா?

கிவாலினா மக்கள் சும்மா இருக்கவில்லை. ஊரை இடம் மாற்ற 9.5 கோடி முதல் 40 கோடி டாலர் வரை செலவாகும் என்று மதிப்பீடு. 2008-ல் எக்ஸான்மொபில் உட்பட 20-க்கு மேற்பட்ட எண்ணெய், நிலக்கரி, மின்சாரக் கம்பெனிகள்மீது நஷ்ட ஈடு கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். 400 பேர் உலகப் பெருங் கம்பெனிகளைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள்! 2009-ல் வழக்குத் தள்ளுபடி. இது கோர்ட்டு தீர்க்கும் விஷயமல்ல, அரசியல் விஷயம் என்றார் நீதிபதி. 2012-ல் அப்பீலும் தள்ளுபடி. 2013-ல் உச்ச நீதிமன்றம் விசாரிக்கவே மறுத்தது.

சரி, அரசியல் என்ன செய்தது? 31 அலாஸ்கா கிராமங்கள் உடனடி ஆபத்தில் இருப்பதாக 2009-ல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே எழுதியது. ஒரு கிராமத்தை முழுதாக இடம் மாற்றுவதற்குப் பொறுப்பேற்கும் இலாகா ஒன்றுகூட இல்லை என்றும் சொன்னது. கிவாலினாவுக்குப் புயலில் தப்பிச் செல்ல ஒரு சாலை கிடைத்தது. 2022-ல் தீவுக்கு வெளியே புதிய பள்ளியும் திறக்கப்பட்டது. அப்போதும் ஜனங்கள் குடியிருந்தது தீவில்தான்.

நியூடாக் என்ற யூபிக் கிராமத்தில் மண் இளகி, ஆறு வீடுகளை நெருங்கியது. மெர்டார்விக் என்ற மேட்டு நிலத்தை ஊரார் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். 2003-ல் நிலமாற்று ஏற்பாடு முடிந்தது. முதல் குடும்பங்கள் குடியேறியது 2019-ல், கடைசிக் குடும்பங்கள் 2024-ல். நிலம் கைக்கு வந்தபின் 21 ஆண்டுகள்! இவ்வளவு காலமும் ஊர் கலையாமல் காத்தது அவர்களுடைய ஒற்றுமை.

தோழர்களே! அந்த மக்கள் நம்மிடம் பரிதாபம் கேட்கவில்லை. மூன்று விஷயங்களைக் கேட்கிறார்கள்: சேதத்துக்கு அதை உண்டாக்கியவன் பணம் கொடுக்கவேண்டும், போகும் இடத்தை ஊரார் தீர்மானிக்க வேண்டும், ஊர் சிதறாமல் ஒன்றாகப் போகவேண்டும். குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று ஒரு முறையாவது உத்தரவு கேட்டவர்களுக்கு இந்தக் கோரிக்கையின் நியாயத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.